எல்லைக்கோட்டில் ஓர் அடைக்கோழி

ஓரெஸ்ட் பிட்லுப்னி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாரமே, ஒரு வீட்டு வண்டி வாங்கப்போவதாகச் சொன்னான். அவன் மனைவி வெர்னா அப்போது அடுப்படியில் பீட்ரூட் வேகவைத்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த கரண்டியைக்கூட அவள் கீழே வைக்கவில்லை.

"வீட்டுல இருக்கிற கக்கூஸைக் கழுவுறது போதாதுன்னு, இன்னொண்ணை ஊர் ஊரா ஓட்டிட்டுப் போய்க் கழுவணுமா?" என்றாள்.

"படுக்கை இருக்கும், அடுப்பு இருக்கும், குளிக்க இடம் இருக்கும். இந்த உலகத்தையே சுத்திப் பாக்கலாம் வெர்னா."

"படுக்கை, அடுப்பு, குளிக்கிற இடம் எல்லாம் இங்கயே இருக்கு. அதோட இந்த வீடு பெட்ரோலும் குடிக்கிறதில்ல."

அவர்கள் இருந்த ஹோலார், சஸ்காட்செவன் மாகாணத்தின் தெற்கு மூலையில் கோதுமை வயல்களுக்கு நடுவே கிடக்கும் சின்ன ஊர். காலையில் காப்பிக் கடையில் கூடும் ஆண்களில் பாதிப்பேர் வீட்டு வண்டி வைத்திருந்தார்கள். மீதிப்பேர் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசுகிற பாதியிலிருந்து வைத்திருக்கிற பாதிக்கு மாறிவிட வேண்டும் என்பதுதான் ஓரெஸ்டின் ஆசை. கனடாவில் விலை எட்டவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், வடக்கு டகோட்டாவில், ஆர்விட் ஸ்கோக்ஸ்டாட் என்ற பண்ணைக்காரர் விற்பதாக ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையிலும் அந்த வண்டியின் படம்தான்.

வெர்னா வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. வேண்டாம் என்றால் இரண்டாக வாங்கிவருகிற ஆள் அவன். அவள் எல்லையை நம்பினாள். வெளிநாட்டு வண்டியை உள்ளே கொண்டுவருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. எங்காவது ஓர் அதிகாரி கண்டிப்பாக 'முடியாது' என்பார். பழி அரசாங்கத்தின் மேல் போகும். தன் சமையலறையில் சமாதானம் நிலவும். இதுதான் அவள் கணக்கு.

அந்தக் கணக்கில் முதல் மண்ணை அள்ளிப் போட்டதும் ஓரெஸ்ட்தான். ஒருநாள் கம்ப்யூட்டரைவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்துவந்தான்.

"பதினஞ்சு வயசு தாண்டின வண்டிக்குப் பெருசா ஒரு விதியும் கிடையாதாம். புதுசுக்குத்தான் ஆயிரம் கேள்வி. நம்மளது அதையெல்லாம் எப்பவோ தாண்டிடுச்சு."

"அப்படின்னா குப்பைன்னா வாங்க வாங்கன்னு கூப்பிடுறாங்களா?"

"குப்பைன்னு சொல்லாத. பழமைன்னு சொல்லு."

ஜூன் மாதத்தில் ஓரெஸ்டின் தங்கை மகன் அவர்கள் இருவரையும் காரில் கொண்டுபோய் ஆர்விட்டின் பண்ணையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனான். வண்டி களத்து ஓரத்தில் நின்றது. பள்ளிப் பேருந்து கொஞ்சம் ஊதிப்போனால் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது. பக்கவாட்டில் பழுப்பு நிறப் பட்டை. ஆர்விட் எண்பதைத் தொட்ட மனிதர். ஒல்லியான உடம்பு, யோசித்து யோசித்துப் பேசுகிறவர். வண்டியின் குணங்களை ஒளிக்காமல் சொன்னார்.

"பிரேக்கை அழுத்தினா ஏறுற படி வெளிய வந்துரும். அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. இடது பக்கம் திரும்ப விளக்குப் போட்டா வைப்பர் ஆடும். ஆனா விளக்கும் எரியும்."

வெர்னா உள்ளே ஏறினாள். லாவண்டர் மணம் மூக்கைத் துளைத்தது.

"என்ன இவ்வளவு வாசனை?"

"மருமக அடிச்சுவிட்டா," என்றார் ஆர்விட். தரையில் கிடந்த ஒரு சிவப்பு இறகை வெர்னா எடுத்துக் காட்டினாள். அவர் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "தலையணை கிழிஞ்சிருக்கும்."

போன குளிர்காலத்துப் புயலில் அவருடைய கோழிக்கொட்டகையின் கூரை பறந்துபோனதையும், பனி உருகும்வரை கோழிகள் எல்லாம் இந்த வண்டிக்குள்தான் குடியிருந்தன என்பதையும் அவர் சொல்லவில்லை. ஓரெஸ்ட் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, திருமணத்தன்று இருந்ததைவிடச் சந்தோஷமாக ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் காதில் எதுவும் ஏறும் நிலையில் இல்லை.

பெல்மர் எல்லைச் சாவடி என்பது வயல்வெளிக்கு நடுவே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும் இரண்டு சின்னக் கட்டடங்கள். தெற்கே இருப்பது அமெரிக்கா, வடக்கே இருப்பது கனடா. நடுவில் கொஞ்ச தூரம் சாலை, ஓரமாகச் சரளைக்கல் கொட்டிய ஒரு வெற்றிடம், அதில் எல்லைக்கல். பகலில் மட்டும் திறந்திருக்கும். வண்டியின் பத்திரங்களை ஓரெஸ்ட் முன்கூட்டியே அனுப்பி வைத்திருந்தான். அமெரிக்கப் பக்கத்து அதிகாரி டுவெயின், பெருத்த உடம்பும் மெல்லிய குரலும் கொண்டவன். எண்ணைச் சரிபார்த்து முத்திரை குத்தினான்.

"வண்டி அமெரிக்காவை விட்டுப் போயாச்சு சார். வாழ்த்துக்கள்."

வெர்னா அந்த முத்திரையை எட்டிப் பார்த்தாள். இத்தனை சுலபமா என்று இருந்தது.

கனடாப் பக்கத்தில் ஷாந்தல் என்ற இளம் அதிகாரி ஜன்னலருகே வந்தாள். ஓரெஸ்ட் பிரேக்கை அழுத்தியதும் படி வெளியே வந்து அவள் முழங்காலுக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது. அவள் அதைப் பார்த்துவிட்டுக் கேள்விகளைத் தொடங்கினாள்.

"மது, புகையிலை, துப்பாக்கி?"

"இல்லம்மா."

"செடி, விதை, விறகு, உயிருள்ள பிராணி ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல. நானும் என் பொண்டாட்டியும்தான்."

அந்த நேரம் பார்த்து, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்து இருக்கைக்கு அடியிலிருந்து 'கொர்ர்ர்... கொக்' என்று ஒரு சத்தம் வந்தது.

ஷாந்தல் ஓரெஸ்டைப் பார்த்தாள். "அது யாரு?"

"என் வயிறு," என்றான் ஓரெஸ்ட். அவன் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினான்.

வயிறு மறுபடியும் கொக்கரித்தது. ஷாந்தல் உள்ளே ஏறி, இருக்கையின் பலகையைத் தூக்கினாள். பெட்டிக்குள், பழைய திரைச்சீலை ஒன்றைக் கூடாக்கி, இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு சிவப்புக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வண்டியின் அடிப்பலகையில் இருந்த ஓட்டை வழியாக அது எத்தனை நாளாகப் போக்குவரத்து நடத்தியதோ தெரியாது. மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்து என்பதுபோல ஒரு சத்தம் கொடுத்தது.

ஷாந்தல் சாவடிக்குள் போய்த் தொலைபேசியில் நெடுநேரம் பேசிவிட்டு வந்தாள்.

"உயிருள்ள கோழிக்கு அமெரிக்க அரசாங்கக் கால்நடை மருத்துவர் கொடுத்த சான்றிதழ் வேணும் சார். இங்க வர்றதுக்கு முன்னாடியே வாங்கியிருக்கணும். இல்லாம உள்ள விட முடியாது. திரும்பிப் போயிடுங்க."

முடியாது. வெர்னா இத்தனை மாதமாகக் காத்திருந்த வார்த்தை. அவள் மனம் பஞ்சுபோல லேசாகிவிட்டது. ஓரெஸ்டின் கையைப் பிடித்து, "என்ன பண்றது, விதி அப்படி. வண்டியை ஆர்விட்கிட்டயே குடுத்துருவோம்," என்று ஆறுதல்கூடச் சொன்னாள்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு டுவெயினிடம் போனார்கள். அவன் வெளியே வந்து இடுப்பில் கை வைத்து நின்றான்.

"கோழி எங்கருந்து வருது?"

"ஆர்விட் பண்ணையிலருந்து," என்றான் ஓரெஸ்ட். "இப்பதான் உங்க முன்னாடி போச்சு."

"இப்ப எங்கருந்து வருது?"

"அதோ, அந்த வாசல்லருந்து."

"அது கனடா சார். கனடாவுல பறவைக் காய்ச்சல் இருக்கிறதால அங்கருந்து கோழி வரக்கூடாதுன்னு உத்தரவு."

"அது கனடாவுக்குள்ள போகவே இல்லையேப்பா. அவங்கதான் விடலையே."

"விடலைங்கிறது அவங்க விஷயம். வருதுங்கிறது என் விஷயம்," என்றான் டுவெயின் வருத்தத்தோடு. "அதோட வண்டியையும் ஏற்றுமதி பண்ணியாச்சு. இப்ப அது வெளிநாட்டு வண்டி. நீங்க அதைப் புதுசா இறக்குமதி பண்ணணும்."

இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே இருந்த சரளை வெற்றிடத்தில் ஓரெஸ்ட் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினான். எல்லைக்கல் சரியாக வண்டியின் நடுவயிற்றுக்கு நேராக இருந்தது. ஓட்டுநர் இருக்கை கனடாவிலும், படுக்கை அமெரிக்காவிலும் இருந்தன. ஷாந்தல் நடந்து வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, இன்னொரு வழி இருப்பதாகச் சொன்னாள்.

"கோழியை எங்ககிட்ட ஒப்படைச்சீங்கன்னா அப்புறப்படுத்திருவோம். அதுக்கப்புறம் வண்டி போகலாம்."

"அப்புறப்படுத்துறதுன்னா?" என்று கேட்டாள் வெர்னா.

ஷாந்தல் தன் பூட்ஸைப் பார்த்தாள்.

"சரி, எடுத்துக்கோங்க," என்றான் ஓரெஸ்ட். "கோழிதானே."

"கூடாது," என்றாள் வெர்னா.

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, சொன்னது தான்தான் என்று. ஓரெஸ்ட் வாயைப் பிளந்தான்.

"நீ உன் வாழ்நாள்ல எத்தனை கோழி கழுத்தைத் திருகியிருப்ப? ஊர் விருந்துக்கு மொத்தமா உரிச்சவதானே நீ?"

"அடையில உக்காந்திருந்ததை ஒருநாளும் தொட்டதில்ல. எங்கம்மாவும் தொட்டதில்ல."

"கோழியைத் தொடமாட்ட, ஆனா வண்டியை வேண்டாங்கிற. கோழியை விட்டாத்தான் வண்டி போகும். வண்டியை விட்டாலும் கோழி போக இடமில்ல. உனக்கு என்னதான் வேணும்?"

வெர்னா திரும்பிக் கோழிப்பெட்டியைப் பார்த்தாள். ஓரெஸ்டின் சுரங்க வேலைக்காக அவள் நாலைந்து ஊர் மாறியவள். மூட்டையைக் கட்டு என்று அவன் சொன்னபோதெல்லாம் கட்டினாள். போ என்று இரண்டு அரசாங்கங்கள் சொல்லியும் எழுந்திருக்காத ஒரு ஜென்மத்தை இப்போதுதான் நேரில் பார்க்கிறாள்.

வண்டியை ஆளில்லாமல் விட்டுப் போனால் உள்ளே இருப்பது கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று ஷாந்தல் சொன்னாள். அப்படியானால் இருக்கிறோம் என்றாள் வெர்னா. மாலையில் டுவெயின் தன் பக்கத்துக் கதவைப் பூட்டினான். ஷாந்தல் தன் பக்கத்துக் கதவைப் பூட்டினாள். இரண்டு பேரும் கையசைத்துவிட்டு ஆளுக்கொரு நாட்டுக்குள் வீட்டுக்குப் போனார்கள். ஓரெஸ்டும் வெர்னாவும் எந்த நாட்டுக்கும் வேண்டாதவர்களாக நடுவில் உட்கார்ந்து, வயல் முழுக்க வெயில் சாய்வதைப் பார்த்தார்கள்.

வண்டியின் அடுப்பு முதல் உரசலிலேயே பற்றிக்கொண்டது. வெர்னா அதை எதிர்பார்க்கவில்லை. வழிக்கு என்று ஐஸ்பெட்டியில் கொண்டுவந்திருந்த உருளைக்கிழங்கு அடைத்த, கொழுக்கட்டை மாதிரியான பெரோகிகளை வெண்ணெயில் வெங்காயத்தோடு வதக்கினாள். கைநீட்டினால் எல்லாம் எட்டியது. உப்பு எங்கே, கத்தி எங்கே என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்கிற தூரத்துக்கு யாரும் போக முடியாது. அன்றிரவு அவள் கட்டை மாதிரித் தூங்கினாள். ஓரெஸ்டின் உயரத்துக்குப் படுக்கை போதவில்லை. காலை மடக்கினால் இடுப்பு வலித்தது, நீட்டினால் கழிவறைக் கதவு திறந்தது.

மறுநாள் மதியம் வெங்காயம் வதங்கும் வாசனை இரண்டு நாட்டுக்கும் போனது. முதலில் டுவெயின் தன் மடக்கு நாற்காலியோடு வந்தான். பிறகு ஷாந்தல் வந்தாள். நாற்காலியை எங்கே போடுவது என்று இருவரும் தரையைப் பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். அவன் அமெரிக்காவில், அவள் கனடாவில், தட்டு நடுவில். எதிரெதிரே வேலை பார்த்து வந்தும் அவர்கள் அதுவரை தொலைபேசியில் மட்டும்தான் பேசியிருந்தார்கள்.

"நீங்க போன்ல கொஞ்சம் ஒல்லியா இருந்தீங்க," என்றாள் ஷாந்தல்.

"இந்தப் பெரோகி இறக்குமதியா?" என்று கேட்டான் டுவெயின், வாயில் போட்டுக்கொண்டே.

"நீ கையை நீட்டித்தான எடுத்த. நாங்க உள்ள வரலையே," என்றாள் வெர்னா.

கோழிச் சேதி கேட்டு ஆர்விட்டும் வந்தார். டுவெயினின் சாவடிக்கு அந்தப் பக்கமே நின்று, கையைக் குவித்துக் கத்தினார். "சிவப்பா? இடது கால்ல ஒரு நகம் இல்லையா?"

"ஆமா," என்று வெர்னா கத்தினாள்.

"ஐயோ, அது இங்கபோர்க். நரி தூக்கிட்டுப் போச்சுன்னு நினைச்சேன்."

"கோழிக்கு எதுக்கு இங்கபோர்க்னு பேரு?"

"என் மச்சினிச்சி பேரு. அவளும் உக்காந்தா எந்திரிக்க மாட்டா."

ஆர்விட் இங்கபோர்க்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் வெர்னா கோழியை அவர் கையில் கொடுத்தால் அது கடத்தல் என்று டுவெயின் சொல்லிவிட்டான். ஆர்விட் தானியம் கொண்டுவந்து கொடுத்தார். தானியம் வெளியே போவதற்கு எந்தத் தடையும் இல்லை.

மூன்றாம் நாள் ஓரெஸ்டின் பொறுமை தீர்ந்தது. முதுகைப் பிடித்துக்கொண்டு வெர்னாவிடம் வந்தான்.

"சூப் வெச்சுருவோம் வெர்னா. வயித்துக்குள்ள போறதுக்கு எந்த நாட்டுலயும் சான்றிதழ் கேக்க மாட்டான்."

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அதற்கடுத்த காலையில் பெட்டிக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சென்று கேட்டது. பலகையைத் தூக்கிப் பார்த்தால் இங்கபோர்க்கின் இறக்கைக்கடியிலிருந்து ஈரத் தலைகள் எட்டிப்பார்த்தன. வெர்னா விசிலடித்து இரண்டு நாட்டையும் கூப்பிட்டாள்.

ஷாந்தல் தலையில் கை வைத்தாள். "ஒரு கோழிக்கே சான்றிதழ் இல்லன்னு சொன்னேன். இப்ப குடும்பமாயிடுச்சா? நான் மேலிடத்துக்கு எழுதணும். பிறந்த நாடுன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல என்ன போட?"

"அதுதானே கேள்வி," என்றான் டுவெயின். "கோடு எங்க போகுது? அளந்து பாத்துருவோம். உங்க பக்கம் பொறந்திருந்தா அது உங்க கோழி."

"உங்க பக்கமா இருந்தா உங்களது."

எதிராளியின் நாட்டில்தான் பிறந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு இருவரும் அளவு நாடா எடுக்கப் போனார்கள். வெர்னா எல்லைக்கல்லைப் பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். கோடு சரியாகக் கோழிப்பெட்டியின் மேல் போனது. நேற்று டுவெயின் பேச்சோடு பேச்சாகச் சொன்னது நினைவுக்கு வந்தது: வெளியிலிருந்து வருவதற்குத்தான் தடை, உள்ளேயே பிறந்ததற்கு இல்லை.

அவள் அதுவரை அந்த வண்டியை ஓட்டியதில்லை. ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, பின்னோக்கி எடுத்தாள். வண்டி ஒரு குதி குதித்து, ஓர் ஆள் நீளம் தெற்கே போய் நின்றது. பிரேக் போட்டதும் படி வெளியே வந்து, பல் துலக்கிக்கொண்டிருந்த ஓரெஸ்டின் கணுக்காலைத் தட்டியது.

"என்ன பண்ற?" என்றான் அவன், வாய் நிறைய நுரையோடு.

"மூஞ்சில வெயில் அடிச்சுது. நிழலுக்குத் தள்ளினேன்."

கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு மரம் கிடையாது. அவன் நாலாபக்கமும் பார்த்துவிட்டு, வாயைக் கொப்பளித்துத் துப்பினான்.

டுவெயினும் ஷாந்தலும் நாடாவோடு வந்தார்கள். கல்லிலிருந்து பிடித்து இழுத்து அளந்தார்கள். பெட்டி முழுவதும் அமெரிக்காவில் இருந்தது. டுவெயின் சரளையில் புதிதாக விழுந்திருந்த சக்கரத் தடத்தைப் பார்த்தான். வெர்னாவைப் பார்த்தான். வெர்னா வானத்தைப் பார்த்தாள். அவன் பெருமூச்சு விட்டு, பூட்ஸ் காலால் கற்களைத் தள்ளித் தடத்தை மூடினான்.

பிறகு தன் மேலதிகாரிக்குத் தொலைபேசி செய்தான். எல்லோர் காதிலும் விழும்படியாகவே பேசினான்.

"குஞ்சுங்க அமெரிக்க மண்ணுல பொறந்திருக்கு சார். அளந்துட்டோம். நம்ம நாட்டுப் பிரஜைங்க... ஆமா சார், கோழிக்குஞ்சுங்கதான்... தாய்க்கு அனுமதி இல்ல. ஆனா தாயில்லாம குஞ்சுங்க செத்துப்போகும். பிள்ளைங்களை இங்க வெச்சுக்கிட்டுத் தாயை வெளிய தள்ளவும் முடியல சார்..."

மறுமுனையில் அந்த மனிதர் ஏதோ சொன்னார். டுவெயின் தொலைபேசியை வைத்தான்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டான் ஓரெஸ்ட்.

"தாயையும் பிள்ளைங்களையும் ஒரு பெட்டியில போட்டு ஆர்விட்கிட்ட குடுத்துட்டு, ஒரு மாசத்துக்குத் தனியா அடைச்சு வெச்சுப் பாக்கச் சொல்லுன்னாரு. அப்புறம், இனிமே கோழி விஷயமா என்னைக் கூப்பிட்டா உன்னை அலாஸ்காவுக்கு மாத்திருவேன்னாரு."

ஆர்விட் பழைய ஆப்பிள் பெட்டியோடு வந்தார். இங்கபோர்க் எழுந்திருக்க மறுத்ததால் திரைச்சீலையோடு சேர்த்துத் தூக்கினார்கள். போகும்போது அது வெர்னாவின் கட்டைவிரலில் ரத்தம் வரக் கொத்தியது. வெர்னாவுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஷாந்தல் பெட்டியை மருந்தடித்துத் துடைக்கச் சொல்லி, வரியை வாங்கிக்கொண்டு, தாள்களில் முத்திரை குத்தினாள்.

"வேற ஏதாவது அறிவிக்க வேண்டியது இருக்கா சார்?"

"முதுகுவலி," என்றான் ஓரெஸ்ட்.

அவனால் ஓட்டுநர் இருக்கையில் உட்கார முடியவில்லை. வெர்னாதான் ஓட்டினாள். அவன் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டு, வண்டி குலுங்கும்போதெல்லாம் ஒரு முனகல் முனகினான். கொஞ்ச தூரம் போனதும் அங்கிருந்தே பேசினான்.

"நீ சொன்னதுதான் சரி. எனக்கு என் கட்டில் வேணும். வீட்டுக்குப் போனதும் இதை வித்துருவோம்."

"சரி, வித்துருவோம்," என்றாள் வெர்னா.

ஹோலாரில் வண்டியைச் சோதனைக்கு விட்டு, எண் பலகை வாங்கினார்கள். படி வெளியே வருவதைச் சரிசெய்ய முடியாது என்று மெக்கானிக்கும் சொல்லிவிட்டான். 'விற்பனைக்கு' என்று பெரிய எழுத்தில் எழுதிய அட்டையை ஓரெஸ்ட் கண்ணாடியில் ஒட்டினான். மறுநாள் காலை வெர்னா துணிப்பையோடு வந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"இங்க யாரு வாங்குவா? எல்லாரும் ஏற்கெனவே வெச்சிருக்காங்க. மேற்க, மலைப்பக்கம் போனா நல்ல விலை கிடைக்கும். வர்றதா இருந்தா உன் மாத்திரையை எடுத்துக்க. ஒரு நல்ல மெத்தையும் வாங்கியிருக்கேன்."

அவன் கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையை ஒருமுறை பார்த்தான். பிறகு மாத்திரையை எடுத்துக்கொண்டு வந்தான்.

அந்தக் கோடை முழுக்க அவர்கள் வண்டியை விற்க அலைந்தார்கள். ஆல்பர்ட்டாவில் ஓர் இளம் தம்பதி ஆசையாக விலை கேட்டார்கள். வெர்னா சொன்ன விலையைக் கேட்டு ஓரெஸ்டே திடுக்கிட்டான். மலைகளுக்கு நடுவே ஓர் ஏரிக்கரையில் வேறொருவர் அந்த விலையையும் கொடுக்கிறேன் என்றார். உடனே வெர்னா, கோழிகள் குடியிருந்த கதையிலிருந்து தொடங்கி வண்டியின் குறைகளை ஒன்றுவிடாமல் சொல்லி அவரை அனுப்பிவைத்தாள். அப்போது ஓரெஸ்ட் ஏரியில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். காதில் விழுந்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

செப்டம்பரில் பசிபிக் கடலோரத்திலிருந்து அவன் ஊர்க் காப்பிக் கடைக்குத் தொலைபேசி செய்தான். கூட்டாளிகள் ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டார்கள்.

"என்ன ஓரெஸ்ட், வித்தாச்சா?"

"இன்னும் தகுந்த ஆளு அமையல," என்றான் ஓரெஸ்ட். "இனிமே கொஞ்சம் தெற்க போய்ப் பாக்கணும்னு வெர்னா சொல்றா."